பிளக் இல்லாத சமையலறைகள்

இவர் காட்டுகிற வீடுகளில் யாராவது ஒரு நாளாவது சமைத்திருப்பார்களா? அவளுக்கு மனம் ஒப்பவில்லை. சோபா நுனியில் அமர்ந்திருக்கும் உள் அலங்கார நிபுணர் டேப்லெட்டில் படங்களைத் தள்ளிக்கொண்டே போகிறார். ஜன்னல் வெயில் அதன் திரையில் பட்டுக் கண் கூசுகிறது. அவள் கையால் மறைத்துக்கொண்டு குனிந்து பார்க்கிறாள். “எல்லாம் நாங்க முடிச்சுக் குடுத்த வீடுங்க மேடம்.” ஆறாவது சமையலறையும் பளபளக்கிறது. வெள்ளை மேடை, கிண்ணம் நிறைய எலுமிச்சை, ஒரு பொட்டுக் கறை இல்லாத அடுப்பு. “இதுல மிக்ஸிய எங்க சொருகுவாங்க?” என்று கேட்கிறாள். அவர் விரல் திரைமேல் அப்படியே நிற்கிறது. ஆறு சமையலறைகளில் எந்தச் சுவரிலும் ஒரு பிளக் பாயின்ட் கூட இல்லை. “அது... உள்ளுக்குள்ள வரும் மேடம்.” “அப்ப அந்த வீட்டுக்காரங்க ஒருத்தரோட நம்பர் குடுங்க, கேட்டுக்கறேன்.” “யாருக்கும் குடுக்க வேண்டாம்னு சொல்லியிருக்காங்க மேடம்.” அவள் கணவன் சிரித்து மழுப்புகிறான். “இவ இப்படித்தான் சார், கடவுளே வந்தாலும் அடையாள அட்டை கேப்பா. திங்கக்கிழமை சமையல்கட்டு சுவர இடிச்சிடுங்க. வீட்டுச் சாவிய சார்கிட்ட குடும்மா.” சுவருக்கு அந்தப் பக்கம் குக்கர் சீறி அடங்குகிறது. அவள் உள்ளங்கையில் சாவி சூடேறியிருக்கிறது. நிபுணர் நீட்டிய கையைப் பார்க்காதவள்போல் எழுந்துபோய், இடிக்கச் சொன்ன அந்தச் சுவரின் ஆணியிலேயே அதை மாட்டிவைக்கிறாள்.