கவிழ்க்காத டம்ளர்

நாங்கள் நடத்திய சாப்பாட்டுக் கடையை இடித்து, அதே இடத்தில் கண்ணாடி போட்ட ஓட்டல் கட்டினார்கள். அதிலேயே எனக்குப் பாத்திரம் கழுவும் வேலை கிடைத்தது.

என் வீட்டுக்காரர் கடை இடிபடும் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். சாப்பிட்டு முடித்ததும் தட்டில் டம்ளரைக் கவிழ்த்துவிட்டுத்தான் எழுவார். அதற்குள் தட்டில் கை வைத்தால் வள்ளென்று விழுவார்.

புது ஓட்டலிலும் மூலை மேசையிலிருந்து தினமும் ஒரு தட்டு, டம்ளர் கவிழ்ந்தே வரும்.

"அங்க யாருமே உட்காரலையேக்கா" என்பார் சர்வர்.

இன்று அந்த ஓட்டலையும் இடிக்க வந்துவிட்டார்கள். மேசை, நாற்காலி எல்லாம் போய்விட்டன. மூலையில், வெறுந்தரையில், பாதிச் சாப்பாட்டோடு ஒரு தட்டு. டம்ளர் நிமிர்ந்திருந்தது.

புல்டோசர்காரரிடம் ஓடினேன்.

"கொஞ்சம் இருப்பா. அவர் இன்னும் எழுந்திருக்கல."