டோக்கன் நம்பர்

தங்கச் சுரங்க ஊரின் கோரமண்டல் ஸ்டேஷனில் ரயில் ஏறும்போதே ஓவியாவின் கட்டைவிரல் செல்போனில் ஓடுகிறது. ஓடியதையெல்லாம் அதே விரல் அழித்துவிடுகிறது. முப்பது நாளில் ஒரு நாவல் எழுதும் போட்டியில் இன்று இருபத்தோராம் நாள். மூன்று நாளாக அவள் கதையின் சுரங்கத் தொழிலாளி ஆளை இறக்கும் கேஜ் கூண்டின் வாசலிலேயே நிற்கிறான், கீழே இறங்கமாட்டேன் என்கிறான். பெங்களூரில் ஆபீஸ் துடைக்கப் போகும் பழனியம்மா, ஓவியாவுக்காக இடம் பிடித்து வைத்திருந்த சாப்பாட்டுப் பையை மடிக்கு எடுத்துக்கொள்கிறாள். சீட்டுக்குக் கூலி, பங்காருப்பேட்டை வரும்வரை ஓவியா சொல்லும் கதை. "இன்னா, இன்னிக்காவது எறங்கினானா?" "இல்லக்கா. எழுதவே வரல. விட்டுடலாம்னு இருக்கேன்." ஓவியாவின் கால் தானாக ஆடுகிறது. ஜன்னல் வெயில் கம்பி கம்பியாக இருவர் மடியிலும் விழுந்து, சுரங்கத்து மண்மேட்டைத் தாண்டும்போது மறைந்து, மறுபடி விழுகிறது. "டோக்கன் எடுத்தானா?" ஆடிய கால் நிற்கிறது. எடுக்கவில்லை. "நம்பர் போட்ட டோக்கன் எடுக்காதவன யாரு கேஜ்ல ஏத்துவாங்க? எங்க அண்ணன் உள்ள மாட்டிக்கினான்னு எப்டித் தெரிஞ்சிதுன்ற? ஷிப்டு முடிஞ்சி எல்லார் டோக்கனும் திரும்பி வந்து ஆணில தொங்குது, அவனுது மட்டும் இல்ல." பழனியம்மா டிபன் பாக்ஸ் மூடியை இறுக்குகிறாள், ஏற்கெனவே இறுகியிருக்கும் மூடியை. ஓவியா படபடவென்று தட்டுகிறாள், பாதி வரியில் தலை நிமிர்கிறாள். "நம்பர் இன்னா போடட்டும்கா?" பழனியம்மா யோசிக்கவே இல்லை. "முன்னூத்திப் பதினேழு." ரயில் நீளமாகக் கூவுகிறது, அது அடங்கும்வரை காத்திருக்கிறாள். "போட்டுக்கோ. ஆனா இவனயாவது மேல கொண்டாந்துடு."