முன்னூறு அடி முன்னே பின்னே

அன்று மலையுச்சிப் பாறையில் கூடியவர்கள் மூவர்: கிழக்குச் சரிவில் குடியிருந்த ஆமை, மேற்குச் சரிவில் குடியிருந்த நத்தை, கணக்குப் பிசகாத எறும்பு.

மேற்கே குட்டை வற்றிவிட்டது. பாறை சுடும் முன்னே நத்தையை முதுகில் ஏற்றி கிழக்குச் சரிவிலுள்ள சுனைக்குக் கொண்டுபோவதாக ஆமை வாக்களித்திருந்தது. "சூரியன் தெரிந்ததும் சந்திப்போம்" என்பது பேச்சு. ஆனால் கிழக்கே சூரியன் தெரிந்து, எறும்பு முன்னூறு அடி நடக்கும் நேரம் கழிந்த பிறகுதான் மேற்கே தெரியும். முந்தின நாள் ஆமை காத்துக் கிடந்தது. நத்தை வருவதற்குள் பாறை சுட்டுவிட்டதால் பயணம் நின்றது.

ஆமை அண்ணனை மறுபடி காக்கவைக்கக் கூடாதென்று அன்று நத்தை முன்னூறு அடி முன்னதாகவே வந்து நின்றது. ஆமைக்கென்று இலையில் ஒன்பது பனித்துளி கொண்டுவந்திருந்தது. ஆமையோ, தங்கச்சி அவசரப்பட வேண்டாமென்று முன்னூறு அடி தாமதித்து வந்தது. அதற்குள் நத்தை சூட்டில் சுருண்டு கிடந்தது.

"ஒருத்தர் மாத்தினாப் போதாதா? ரெண்டு பேரும் மாத்திட்டீங்களே!" என்று கத்தியது எறும்பு.

"அடி பைத்தியமே, இந்தத் துளியைக் குடிச்சிருக்கலாமே!" என்றது ஆமை.

"அது உங்களுக்குக் கொண்டுவந்தது அண்ணே" என்று நத்தை ஓட்டுக்குள்ளிருந்து முனகியது.

ஆமை இலையை நத்தையின் மேல் துளித்துளியாகச் சாய்த்தது. ஏழாவது துளியில் நத்தை கொம்பு நீட்டியது. ஆமை அதை முதுகில் ஏற்றிக்கொண்டு, இலையை வாயில் கவ்வி நடந்தது; எறும்பும் கூடவே போனது.

சுனை நிறையத் தண்ணீர் கிடந்தது. ஆமை அதைத் தொடாமல், முதலில் இலையிலிருந்து ஒரு துளி குடித்தது.

எறும்பு எட்டிப் பார்த்தது. மீதி ஒரு துளி; ஆமை இலையை அதன் பக்கம் தள்ளியது.