வளைவில் நின்ற ரயில்

இன்றைக்கு ரயில் நிற்கும் என்று தெரிந்திருந்தும், தேயிலை மலை வளைவு வந்ததும் ராஜலிங்கம் பழக்கதோஷத்தில் எழுந்து வாசல் கம்பியைப் பிடித்துவிட்டார்.

பெட்டியே சிரித்தது. "கோச்சி நிக்கும்ணே, உக்காருங்க."

கண்டியிலிருந்து வரும் ரயில் இந்த வளைவில் மெதுவாகுமே தவிர நின்றதில்லை. தோட்டத்து ஆண்கள் பையை முதலில் வீசிவிட்டு, பின்னாலேயே குதித்துத்தான் இத்தனை காலமும் வீடு போய்ச் சேர்ந்தார்கள். அடுத்த ஸ்டேஷனான வத்தேகம வரை போய் இறங்கினால் ஒரு மணிநேரம் மலையேற வேண்டும்.

மகள் சஞ்சீவனியும் குதித்தாள். கண்டியில் துணிக்கடை வேலை முடிந்து வந்த ஒரு மழைநாளில் கால் வழுக்கிவிட்டது. பத்தொன்பது வயது.

அவள் செத்த பிறகுதான் மேலிடத்துக்குக் கண் திறந்தது. இரண்டு வருடம் மனுவும் கையெழுத்துமாக அலைந்து, ரயில் நிற்க இதோ ஒரு தரிப்பிடம். வாழைமரம் கட்டியிருக்கிறார்கள்.

அவளுக்குக் குதிக்கப் பழக்கியவர் ராஜலிங்கம்தான். ரயில் போகிற பக்கமே பார், கால் தரையில் பட்டதும் கூடவே நாலடி ஓடு என்று கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தார். இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

"அவசரக் குடுக்கை. வத்தேகமவுல எறங்கி நடந்து வந்தா என்னவாம்?" என்று மனைவி ஜெயராணி மகளைத் திட்டும்போதெல்லாம் அவர் தலையைக் குனிந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருப்பார். செத்த பிள்ளைமேல் பழியைப் போட்டுவிட்டு நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேனே என்று நினைத்துக்கொள்வார். சொன்னால் பெண்டாட்டி முகத்தில் எப்படி விழிப்பது? ஆனாலும் ரயில் நிற்கிற அன்றைக்குச் சொல்லிவிடுவது என்று முடிவுகட்டியிருந்தார்.

ரயில் நின்றது. முழுசாக ஒரு நிமிடம் நின்றது. கைக்குழந்தைக்காரிகள்கூட ஆற அமர இறங்கினார்கள்.

தரிப்பிடத்தில் காத்திருந்த ஜெயராணி கூட்டத்தை விட்டுத் தள்ளி, தனியாக நின்றாள். அவர் இறங்கி நேராக அவளிடம் போனார்.

"புள்ளைக்குக் குதிக்கப் பழக்கினது நாந்தான்."

அவள் அவரைப் பார்க்கவில்லை. ரயில் வளைவு திரும்பி மறையும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியும். மொத நாளே பெருமையா வந்து எங்கிட்ட சொல்லிட்டா" என்றாள். "ஒங்களத் திட்டினா நீங்க தாங்க மாட்டீங்க. அவளத் திட்டினா அவளுக்குக் கேக்கவா போகுது."