தண்ணீர் கேட்காத செடி

நர்சரியின் பச்சை வலைக்கூரை வழியே இறங்கும் வெயில் அவன் சட்டையில் கட்டம் கட்டமாக அசைகிறது. "மாடிப்படி மூலையில வைக்கணும். நிழல்லயும் வளரணும், தண்ணியும் ரொம்பக் கேக்கக் கூடாது," என்று மூன்றாவது முறையாகச் சொல்கிறான். "அந்த மூலையில முன்னாடி என்ன இருந்துச்சு?" என்று கேட்கிறாள் நர்சரிக்கார அம்மா. "பெரணி." என்கிறான். பத்து வருஷமாக அக்கா வளர்த்த பெரணி; ஆபரேஷனுக்குப் போகும்போது அவனை நம்பி விட்டுப்போனது. தினமும் போனில் "ஊத்திட்டேன்க்கா" என்று மட்டும் தவறாமல் சொல்லியிருக்கிறான். மாடிப்படிக்குக் கீழே இப்போது அது காய்ந்து, தேய்ந்த துடைப்பமாக நிற்கிறது. நாளைக்கு அக்கா வீடு திரும்புகிறாள். நர்சரிக்கார அம்மா, கத்தி கத்தியாய் இலை நிமிர்ந்த மருள் செடித் தொட்டி ஒன்றை நகர்த்தி வைக்கிறாள். "இது மறதிக்காரங்களுக்குன்னே பொறந்தது. விரலை விட்டுப் பாருங்க, நல்லா காஞ்சிருந்தா மட்டும் ஊத்துங்க." அவன் குனிந்து ஆள்காட்டி விரலை மண்ணில் இறக்குகிறான். சட்டைப்பையில் போன் அடிக்கிறது. மறு கையால் எடுக்கிறான். "என் பெரணி எப்படிடா இருக்கு?" அக்காவின் குரல் இன்னும் தேறவில்லை. எங்கோ ஒரு குழாய் சொட்டிக்கொண்டிருக்கிறது. விரலை அவன் வெளியே எடுக்கவில்லை. "நல்லா இருக்குக்கா," என்கிறான். "இப்பக்கூட மண்ணைத் தொட்டுப் பாத்துக்கிட்டுதான் இருக்கேன்."