ஒரு வார்த்தை விடாமல்

"ஐயா, இந்த அம்மாவுக்கு நம்ம பாஷை தண்ணி பட்ட பாடு. காலையில கேண்டீன்ல காப்பி ஆறிப்போச்சுன்னு போட்ட சண்டையை என் காதால கேட்டேன். இவங்களுக்கு எதுக்கு மொழிபெயர்ப்பாளர்?"

பள்ளிக்கூடத்து வக்கீல் இப்படிச் சொன்னதும் கோர்ட்டில் சிரிப்பு எழுந்தது.

கூண்டில் நின்ற தையல்காரம்மா சிரிக்கவில்லை. அவர் மகள் படிக்கும் பள்ளியில் அவர்களுடைய பாஷைக்கு என்று ஒரு வகுப்பு இருந்தது. சிறுபான்மையினர் கேட்டால் அதை நடத்தியே ஆகவேண்டும் என்பது சட்டம். 'பெற்றோரே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்' என்று பள்ளி அதை மூடப் பார்க்கிறது. மிரட்டி எழுதி வாங்கினார்கள் என்பது இவர் வழக்கு.

"கேட்டா மொழிபெயர்ப்பாளர் கொடுக்கணும்னு சட்டம் சொல்லுது" என்றார் நீதிபதி எரிச்சலாக. "எனக்கு இந்த பாஷை சுத்தமாப் புரியாதுன்னு வெச்சுக்கிட்டு, ஒரு வார்த்தை விடாம சொல்லுங்க, மொழிபெயர்ப்பாளரே."

தையல்காரம்மா தன் பாஷையில் பொரிந்து தள்ளினார்.

"அந்தக் கட்டையில போற ஹெட்மாஸ்டர் எங்களை வரிசையா நிக்க வெச்சான். 'உங்க பாஷை சோறு போடுமா? கையெழுத்துப் போடலேன்னா உங்க பிள்ளைங்க எல்லாரையும் ஃபெயிலாக்கிடுவேன்'னான்."

மொழிபெயர்ப்பாளருக்கு வியர்த்தது. அவரும் அதே சனம்தான். ஒரு தலைமையாசிரியரை இப்படியா பேசுவது? நம்ம ஆட்களைப் பற்றி என்ன நினைப்பார்கள்?

"பிள்ளைகளோட படிப்பை யோசிச்சு முடிவெடுங்கன்னு தலைமையாசிரியர் சொன்னாராம், ஐயா."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார்.

"அவ்வளவு பொரிஞ்சதுக்கு இவ்வளவுதானா? மறுபடி சொல்லுங்க."

"கொஞ்சம்... கண்டிப்பாச் சொன்னாராம்."

"ஏன் தம்பி இப்படிப் பூசி மெழுகுறே?" தையல்காரம்மா பொறுமையிழந்து கோர்ட்டு பாஷைக்கே தாவிவிட்டார். "ஐயா, நானே உங்க பாஷையில சொல்லிடறேனே!"

வக்கீல் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "தாராளமாச் சொல்லட்டும் ஐயா! இவ்வளவு நல்லாப் பேசற குடும்பத்துக்குத் தனி வகுப்பு எதுக்குன்னு கோர்ட்டுக்கும் விளங்கட்டும்."

நீதிபதி மேசையைத் தட்டினார்.

"சும்மா இரும்மா. பேசினா உன் பாஷையில பேசு. இல்லேன்னா பேசாதே!"

தையல்காரம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

மொழிபெயர்ப்பாளருக்குக் குழம்பியது. இந்த நீதிபதி யார் பக்கம்? அந்த அம்மாவையும் பேச விடமாட்டேன் என்கிறார், நாம் நாசூக்காகச் சொன்னாலும் ஏற்க மாட்டேன் என்கிறார். என்ன மனுஷன் இவர்!

"மொழிபெயர்ப்பாளரே, முதல்லேர்ந்து வாங்க. அந்த வசவையும் சேர்த்து."

வசவு இருந்தது இவருக்கு எப்படித் தெரியும்? அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தே ஊகித்திருப்பாரோ?

வேறு வழியில்லை. கட்டையில் ஆரம்பித்து ஃபெயிலாக்குவது வரை அப்படியே சொன்னார். சொல்லி முடித்தபோது யாரும் சிரிக்கவில்லை. டைப்பிஸ்ட் ஒவ்வொரு வார்த்தையாகத் தட்டிக்கொண்டிருந்தார். முன்வரிசையில் தலைமையாசிரியர் குனிந்து தன் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தீர்ப்பு வரும்வரை வகுப்பை மூடக் கூடாது என்று உத்தரவாயிற்று.

"மேல்கோர்ட்டுல பார்த்துக்கறோம்" என்று முணுமுணுத்துக்கொண்டே வக்கீல் கோப்பைச் சுருட்டினார். தையல்காரம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே வெளியேறினார்.

மொழிபெயர்ப்பாளர் படியிறங்கப் போனபோது, பின்னாலேயே வந்த நீதிபதி அவர் தோளைத் தொட்டார்.

"கோவமா தம்பி?"

"கோவமில்ல ஐயா. நம்ம ஜனங்க மரியாதை கெட்டுடக் கூடாதேன்னுதான்..."

"மரியாதையைப் பார்த்தா வகுப்பு போயிடும். மேல்கோர்ட்டுக்கு என் காது போகாது. உன் வாயிலேர்ந்து வந்தது மட்டும்தான் போகும். இனிமே எதையும் முழுங்காதே."

"சரிங்க ஐயா" என்று தலையாட்டிவிட்டு இறங்கினார். பாதிப் படியில் கால் அப்படியே நின்றுவிட்டது.

நீதிபதி கேட்டதும், இவர் பதில் சொன்னதும், எல்லாமே தையல்காரம்மாவின் பாஷையில்.