ஊதுவத்தி வாசனை

“மெல்லப் பேசுடி! நீ கொரியப் பள்ளிக்கூடத்துல சேர்றது பக்கத்து வீட்டு நிஷிஹாரா அம்மாவுக்குத் தெரிஞ்சா, என் மானமே போயிடும்,” என்றாள் மியோங்ஹி.

“பன்னிரண்டு வருஷமா, வாசனை ஊரைக் கூட்டுற நம்ம கொரியா ஊறுகாய், அந்தக் கிம்ச்சி டப்பாவை மூணு கவர்ல சுத்தி ஒளிக்கிறே. இன்னுமாம்மா பயம்?” என்று சீண்டினாள் மகள் யூரா.

“பின்னே? காலையும் சாயங்காலமும் ஊதுவத்தி கொளுத்துற சுத்தமான ஜப்பான்காரி. நாம கொரியாக்காரங்கன்னு தெரிஞ்சா, அந்தம்மா முகம் கொடுத்துப் பேசுமா?”

ஜப்பானின் ஒசாகா நகரிலிருந்த அந்தக் கொரியப் பள்ளியில், சேர்க்கை விழாவன்று ஒவ்வொரு குடும்பத்தையும் கொரியப் பெயர் சொல்லித்தான் மேடைக்கு அழைத்தார்கள்.

“பார்க் சூயோன் குடும்பத்தார்!”

முன் இருக்கையிலிருந்து மகனோடு எழுந்தவள், நிஷிஹாரா!

மியோங்ஹி வாயைப் பிளந்தாள். “அப்போ... அந்த ஊதுவத்தி?”

நிஷிஹாரா நெளிந்தாள். “எங்க வீட்டுக் கிம்ச்சி வாசனை உங்க மூக்குக்கு எட்டிடக் கூடாதேன்னுதான்!”